மன்னூபியா தீவு விவகாரம்

எங்கள் வெளியுறவு அமைச்சகத்தில் திட்டமிடல் பிரிவு என்று ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, யாரைத் தண்டிக்கப் போகிறார்கள் என்றுதான் எல்லோரும் யோசித்தோம். மறுநாள் அந்தப் பிரிவின் தலைவர் நான் என்று உத்தரவு வந்தது.

நான் செய்த தவறு சிறியது. விருந்தாளியாக வந்த ஒரு ஜனாதிபதியின் தலைநகரை எங்கள் அமைச்சர் மேடையில் தப்பாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த நான் சரியான பெயரை மெதுவாகச் சொன்னேன். ஒலிபெருக்கி அதை மெதுவாகச் சொல்லவில்லை.

வடக்கே பனி பெய்யும் ஒரு நாடு எங்களோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. நீண்ட காலத் திட்டம் தீட்ட எங்களுக்குக் கற்றுத் தருவதாக அவர்கள் சொன்னார்கள். அமைச்சரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஐந்தாவது மாடியில், கம்பளக் கிடங்குக்கு அடுத்த அறை எங்களுக்குக் கிடைத்தது. என்னோடு இருவர். திஜானி ஐயா நான்கு நாடுகளில் தூதராக இருந்தவர். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அதில் பெரும்பகுதியை நாற்காலியிலேயே தூங்கிக் கழிக்கத் தீர்மானித்திருந்தார். மற்றவர் ஜல்லூல். கடிதங்களைப் பதிவு செய்து அனுப்புபவர். விதிமுறைப்படி இல்லாத எந்தக் காகிதமும் அவர் மேசையைத் தாண்டாது. அமைச்சரின் கடிதத்தையே இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் என்பதால் அவரும் மாடியேறி வந்துவிட்டார்.

வடக்கிலிருந்து வந்த நிபுணர் பெயர் இங்கெர். ஐம்பது வயதிருக்கும். அரபு நன்றாகவே பேசுவாள், ஆனால் செய்தி வாசிப்பது போலப் பேசுவாள்.

முதல் நாளே எங்களைச் சுற்றி உட்கார வைத்து, "ஐந்து ஆண்டுகள் கழித்து இந்த அமைச்சகம் எந்நிலையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"அம்மா, எனக்கு எட்டு மாசந்தான். அதுக்கப்புறம் இவங்க பாடு," என்றார் திஜானி ஐயா.

இங்கெர் அதையும் குறித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு பயிற்சி வைத்தாள். கிழக்கே உள்ள பக்கத்து நாட்டோடு திடீரென்று ஒரு தகராறு வருவதாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளிலிருந்து என்னென்ன செய்வோம் என்று கடிதம், தந்தி உட்பட எல்லாவற்றையும் உண்மை போலவே தயாரிக்க வேண்டும். தகராறுக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. உண்மையான மீன்பிடித் தகராறே இருந்தது, ஆனால் அதைத் தொட யாருக்கும் தைரியமில்லை. கடலில் ஒரு தீவைக் கற்பனை செய்யலாம் என்றேன். பெயர் வேண்டுமே என்றாள் இங்கெர். திஜானி ஐயா கண்ணைத் திறக்காமலே "மன்னூபியா" என்றார். அது அவருடைய மாமியாரின் பெயர்.

அதற்குப் பிறகு அவர் தூங்கவே இல்லை. கண்டனத் தந்தியை அவரே எழுதினார். நாற்பது வருட அனுபவமும் அதில் இறங்கியது. மன்னூபியா தீவின் மேல் அந்நியக் கொடி பறப்பதைக் கண்டு எங்கள் மக்களின் நெஞ்சம் கொதிக்கிறது என்று படித்தபோது எனக்கே கொஞ்சம் கொதித்தது. மேலே 'பயிற்சி' என்று பெரிதாக எழுதி, கோப்பில் வைக்கச் சொல்லி ஜல்லூலிடம் கொடுத்தேன்.

தந்திகள் 'சாதாரணம்', 'அவசரம்', 'மிக அவசரம்' என்று மூன்று வகைதான் உண்டு, 'பயிற்சி' என்று ஒரு வகை விதிமுறையில் இல்லை என்பது அவர் கட்சி. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வாசகத்தின் சூட்டைப் பார்த்து 'மிக அவசரம்' என்று முத்திரை குத்தியிருக்கிறார். மிக அவசரத்தைக் கோப்பில் வைப்பது குற்றம். அதனால் அனுப்பிவிட்டார்.

கிழக்கு நாட்டில் இருந்த எங்கள் தூதருக்கு மூன்று வருடமாகத் தலைமையகத்திலிருந்து பண்டிகை வாழ்த்தைத் தவிர எதுவும் போனதில்லை. பாவம், மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு அரை மணி நேரத்தில் அவர்கள் அமைச்சகத்துக்குப் போய், தந்தியை நின்றபடியே உரக்க வாசித்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் வெளியேறியிருக்கிறார்.

இது எங்களுக்குத் தெரிந்தது இரண்டு நாள் கழித்து, பதில் வந்தபோதுதான். 'மன்னூபியா தீவு எங்கள் மண்ணின் பிரிக்க முடியாத பகுதி. எங்கள் முன்னோர் அங்கே பேரீச்சை நட்டார்கள். ஒரு பிடி மண்ணையும் விட்டுத்தர மாட்டோம்.'

நான் அதை மூன்று முறை படித்தேன். திஜானி ஐயாவோ காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "கொடுத்துரலாம்மா. இருபத்தேழு வருஷமா யாராவது எடுத்துக்க மாட்டாங்களான்னுதான் நான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார்.

அதற்குள் அமைச்சர் கூப்பிட்டனுப்பினார். அறையில் பெரிய கடல் வரைபடம் விரிந்திருந்தது. இரண்டு அதிகாரிகள் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்தார்கள். அமைச்சர் அவர்களை வெளியே அனுப்பினார்.

"அந்தத் தீவுல நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார். தீவு எங்கே என்று கேட்க அவருக்கு மனம் வரவில்லை என்பது புரிந்தது.

போன தடவை உண்மையைச் சொல்லி ஐந்தாம் மாடிக்குப் போனவள் நான். ஆறாம் மாடி கிடையாது. அதுவே ஒரு தைரியத்தைக் கொடுத்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன், மாமியார் உட்பட.

அமைச்சர் வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா பேரீச்சை நட்டோம்னு எழுதியிருக்க மாட்டாங்க சார்."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அவர்களும் வரைபடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். "போய் முடிச்சுட்டு வாங்க. யார் மூஞ்சியிலயும் கரி பூசாம," என்றார்.

இங்கெரிடம் சொன்னபோது அவள் முதலில் வெளுத்துப்போனாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். தோள்கள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாளோ என்று ஜல்லூல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கிழக்கே என்னை வரவேற்றவர் மிஃப்தாஹ். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் நான்கு பேனா. அவரும் ஒரு திட்டமிடல் பிரிவின் தலைவர். அவருடையதையும் வேறொரு வெளிநாடுதான் அமைத்துக் கொடுத்திருந்தது. அவர் அறை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் ஊர் வழக்கப்படி நுரை பொங்கும் தேநீரில் வேர்க்கடலை போட்டுக் கொடுத்தார். இரண்டு கோப்பை வரை வானிலை பேசினோம். மூன்றாவது கோப்பையில் நான், அப்படி ஒரு தீவே கிடையாது என்றேன்.

மிஃப்தாஹ் கோப்பையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, நான் மூணு மணி நேரம் தேடினேன். இல்லைன்னு டைரக்டர்கிட்ட சொன்னேன். 'நீ முதல்ல நம்மளுதுன்னு எழுது, எங்க இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்'னு சொன்னாரு."

"பேரீச்சை?"

"அது என் சொந்தச் சரக்கு. சும்மா ஒரு வரில பதில் அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காகிதம் எடுத்தார். கிழித்துக் கிழித்து ஐந்தாவது தாளில் முடித்தோம்: தீவு பற்றிய கேள்வி உட்பட, கடல் விவகாரங்கள் அனைத்தையும் பேச இரு நாடுகளும் ஒரு கூட்டுக் குழு அமைக்கின்றன, குழு முடிவு செய்யும்வரை தீவில் யாரும் குடியேற மாட்டார்கள். இரண்டு அமைச்சர்களும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் பத்திரிகைகள் எங்கள் வெற்றி என்று எழுதின, அவர்களுடையவை அவர்கள் வெற்றி என்று. எங்கள் தூதருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். திஜானி ஐயாவுக்குத் தீவு நிபுணர் என்று இரண்டு வருடம் பணி நீட்டிப்பு வந்தது. அதற்காக அவர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

குழு என்றால் நானும் மிஃப்தாஹும்தான். கடல் விவகாரங்கள் அனைத்தும் என்று எழுதியிருந்ததால், யாரும் தொடத் துணியாத மீன்பிடித் தகராறும் எங்கள் கையில் வந்து விழுந்தது. மாதம் ஒரு தடவை சந்தித்தோம், நடுவில் தொலைபேசியில் சண்டை போட்டுக்கொண்டோம். எந்தப் படகு எங்கே போகிறது, எந்த மாதம் வலை போடலாம் என்று ஒவ்வொரு வரியாக ஒரு கணக்குக்கு வந்தோம்.

அடுத்த வசந்தத்தில் எங்கள் தெற்குக் கரைப் படகு ஒன்றை அவர்கள் காவல் கப்பல் பிடித்தது. முன்பெல்லாம் அப்படிப் பிடித்தால் மீனவர்கள் திரும்ப இரண்டு மாதமாகும். காலை ஒன்பது மணிக்கு நான் மிஃப்தாஹைக் கூப்பிட்டேன்.

"உங்க ஆளு எல்லை தாண்டிட்டான் தங்கச்சி."

"எஞ்சின் நின்னுபோச்சு அண்ணே, காத்து தள்ளிட்டுப் போச்சு. உங்க கப்பல்காரங்களையே கேளுங்க."

கேட்டார். மதியம் மூன்று மணிக்கு மீனவர்கள் ஆறு பேரும் படகோடு விடுதலை.

அந்த வார இறுதியில் இங்கெர் ஊருக்குக் கிளம்ப இருந்தாள். இறுதி அறிக்கையில் 'இத்திட்டத்தால் விளைந்த பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று காலையிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போது கீழே வாசலில் கூச்சல் கேட்டது. அந்தப் படகின் சொந்தக்காரர் ஒரு கூடை மடவை மீனோடு வந்து நின்றிருந்தார். அமைச்சகத்துக்குள் மீனை விடக் காவலர்கள் மறுத்தார்கள். ஜல்லூல் ஓடிப்போய், விதிமுறையில் மீன் கூடாது என்று எங்கும் இல்லை என்பதைப் பக்க எண்ணோடு காட்டி மேலே கூட்டிவந்தார்.

மனிதர் கூடையை என் மேசை மேல், அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலைவணங்கிவிட்டுப் போய்விட்டார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி, இங்கெரின் கட்டத்தை நனைத்தது. அவள் தாளை நகர்த்தவில்லை. "இவற்றை எவ்வாறு சமைப்பீர்கள்?" என்று கேட்டாள். திஜானி ஐயா கோட்டைக் கழற்றி, சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, சீரகமும் எலுமிச்சையும் வாங்கிவர ஜல்லூலை அனுப்பினார்.