வலப்பக்கம் ஏறும் கோடு

சனிக்கிழமை மதியம் நான் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தபோது ஆட்டுத்தொடை வேகும் வாசனை வரவில்லை. பிளாஸ்டிக் சூடாகும் வாசனை வந்தது. என் மகன் ஹேமிஷ் அடுப்பின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கைக்கடிகாரத்தையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே, என் மனைவி நோலா ரொட்டி சுடும் தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் என் டிரக்கின் வலது முகப்பு விளக்கை வைத்திருந்தான்.

"என்னடா இது?"

"எட்டு நிமிஷம்ப்பா. பசை இளகினதும் எடுத்துருவேன்."

"என்னன்னு கேக்கல. எதுக்குன்னு கேக்குறேன்."

நோலா மேசையில் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். "எதுக்கா இருந்தா என்ன டங்கன்? சாப்பாடு மூணு மணிக்குத்தான். இந்த வீட்டுல மனுஷன் பசியவிட வண்டிக்குப் பசி ஜாஸ்தி."

அந்த விளக்கில் எந்தக் குறையும் இல்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே அடுப்பில் வைத்து இளக்கி, கண்ணாடியையும் கூட்டையும் தனித்தனியாகப் பிரித்து, வெளிச்சத்தைத் திருப்பும் பழைய வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து தபாலில் வந்த உருண்டை லென்ஸைப் பொருத்தி, உட்புறத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்து மூடியவன் இவன்தான். செய்யச் சொன்னது நான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மூன்று கங்காருக்கள் என் வண்டியில் மோதிச் செத்திருந்தன. பழைய விளக்கு மெழுகுவத்திபோல எரிந்தது. புதியது எரிந்த முதல் நாள் வேலிக்கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. அந்த ஆண்டு வேளாண் கண்காட்சியில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் மூடியைத் திறந்து, 'என் மகன் கையால் செய்தது, கடையில் வாங்கியதில்லை' என்று நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். கில்கிறிஸ்ட் குடும்பம் இந்தச் சமவெளியில் ஐந்து தலைமுறையாக இருக்கிறது. எங்கள் கிணறு, எங்கள் வேலி, எங்கள் வாக்கு எதையும் யாரும் வந்து சரிபார்க்க வேண்டியிருந்ததில்லை.

"நல்லா இருக்கிறத ஏன் பிரிக்கிற?"

"திங்கக்கிழமை வருடாந்திரச் சோதனைப்பா. பழைய மெக்கானிக் ஓய்வு பெத்துட்டார்ல. புதுசா வந்திருக்கிறவர் விளக்க சுவத்துல அடிச்சுப் பாக்குறாராம்."

"பாக்கட்டும். எனக்கென்ன பயம்?"

அவன் தடித்த கையுறையைப் போட்டுக்கொண்டு தட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான். முப்பத்தைந்து வயது ஆண்மகன், என் கண்ணைப் பார்க்காமல் என்னைக் கடந்துபோனான். நான் பின்னாலேயே போனேன்.

கொட்டகையில் வேலை மேசைமேல் புதிய லென்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அவன் விளக்கின் விளிம்பில் திருப்புளியைச் செருகி நெம்பினான். கறுப்புப் பசை நூல்நூலாக இழுபட்டு அறுந்தது. கண்ணாடி கழன்றது. பழைய லென்ஸைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்தான். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். லென்ஸுக்குப் பின்னால் ஒரு சிறிய தகரம் இருக்கிறது. வெளிச்சம் மேலே போகாமல் வெட்டுவது அதுதான். அதன் விளிம்பில் ஒரு பக்கம் படிபோல ஒரு இறக்கம். ஒன்றில் அது இடதுபக்கம் இருந்தது. மற்றதில் வலதுபக்கம்.

"இது ஏன் மாறியிருக்கு?"

"வேற கம்பெனிப்பா."

என் மகன் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனாலேயே அது பொய் என்று உடனே தெரிந்தது.

"இடது விளக்கு இன்னும் வண்டியிலதான இருக்கு? கதவ மூடு. சுவத்துல அடி."

"அப்பா, விடுங்க."

"அடிடா."

அவன் கொட்டகைக் கதவுகளை இழுத்து மூடினான். தகரச் சுவரின் ஆணி ஓட்டைகள் வழியாக மட்டும் பகல் உள்ளே வந்தது. வண்டிக்குள் ஏறி டிம்மில் விளக்கைப் போட்டான். எதிர்ச் சுவரில் வெள்ளை வெளிச்சம் ஒரு கோடு கிழித்ததுபோல விழுந்தது. கோட்டுக்குக் கீழே பகல், மேலே இருட்டு. ஆனால் அந்தக் கோடு முழுதும் நேராக இல்லை. நடுவிலிருந்து வலப்பக்கமாக ஏறியது. சாலையோரத்தில் நிற்கும் ஆளோ மிருகமோ தெரிவதற்காகத்தான் அந்த ஏற்றம். அது எனக்குத் தெரியும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். நம் சாலையோரம் இடதுபக்கம். வலப்பக்கத்தில் வருவது எதிர்வண்டி.

நான் சுவரருகே போய் அந்த ஏற்றத்தின்மேல் விரலை வைத்தேன்.

"அமெரிக்காக்காரன் வலதுபக்கம் ஓட்டுறான்."

"ஆமாம்ப்பா."

"இது அவன் ரோட்டுக்குச் செஞ்சது."

"ஆமாம்."

"எப்ப தெரியும் உனக்கு?"

அவன் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான். "மூணு வருஷமாச்சு. அந்த விபத்து நடந்து ஒரு வருஷம் கழிச்சு எங்கயோ படிச்சேன். அன்னைக்கே விளக்கோட திருகாணிய நாலு சுத்து இறக்கி வெளிச்சத்தத் தாழ்த்திட்டேன். அதுக்கப்புறம் யார் கண்ணுலயும் அடிக்கல."

வெளிச்சம் முன்போல எட்டவில்லை என்று மூன்று வருடமாக நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்குக் கண்ணில் புரை விழுகிறது என்று இவன்தான் என்னைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனான்.

லினெட் பாஸ்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு ஆண்டுகள் எங்கள் பகுதியின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். ஒரு ஜூன் மாத மாலை, தன் சொந்தக் காரில் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். எதிரே நான் என் டிரக்கில் போனேன். அவளது விளக்கைப் பார்த்ததும் டிம் செய்தேன். அவள் என்னைத் தாண்டிய கையோடு சாலையைவிட்டு இறங்கி மரத்தில் மோதினாள். காரை உடைத்து அவளை வெளியே இழுத்தது நான்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கோட்டை அவள்மேல் போர்த்தியிருந்தேன். இடதுகால் முட்டிக்குக் கீழே நொறுங்கியிருந்தது. "வெளிச்சம், வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு மருத்துவமனையிலும் அதையே சொன்னாள். டிரக் விளக்கு கண்ணைப் பறித்தது, சாலை தெரியவில்லை என்றாள். அது என் காதுக்கு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிம் செய்யாமல் எதிர்வண்டிமேல் விளக்கடிக்கிறவன் என்று ஒரு கில்கிறிஸ்டைச் சொல்வதா? பேருந்துக் கமிட்டிக்கு நான்தான் தலைவர். பள்ளி மண்டபத்தில் முப்பது பெற்றோர் முன்னால் எழுந்து நின்று பேசினேன். "நான் டிம் பண்ணினேன். எங்க குடும்பத்துல பொய் சொல்ற பழக்கம் இல்ல. அந்தம்மா குடிக்கலன்னு ரத்தப் பரிசோதனை சொல்லுது, சரி. அப்போ தூங்கியிருக்காங்க. ஸ்டியரிங்ல தூங்குறவங்ககிட்ட இருபத்திரண்டு பிள்ளைங்கள எப்படிக் குடுக்குறது?" ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு தெருவில் பிள்ளைகள் அவளைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டுவார்கள் என்று நோலா ஒருமுறை சொன்னாள். நான் பேப்பரைத் திருப்பினேன்.

என்னைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் உண்மை. நான் டிம் செய்தேன். அதுதான் என்னைக் கொன்றது.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? ஊரக் கூட்டி வச்சு சத்தியம் பண்ணிட்டீங்க. நான் செஞ்ச விளக்கு. உங்க வாக்கு. உங்க பேரு கெட்டுரக்கூடாதுன்னுதான்…"

"என் பேர நீ காப்பாத்துறியா? திருகாணிய இறக்கியா?"

கையில் இருந்த பழைய லென்ஸைத் தரையில் அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அது தேவைப்படும் என்று அந்தக் கோபத்திலும் தோன்றியது. கதவைத் தள்ளிக்கொண்டு நோலா உள்ளே வந்தாள். சத்தம் சமையலறைவரை கேட்டிருக்கும். சுவரையும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். ஹேமிஷ் இரண்டு வாக்கியத்தில் அவளுக்குச் சொன்னான்.

"கடவுளே," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "அவன்மேல கத்தாத. நாலு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தம்மா சொல்றதும் நெசமா இருக்குமோன்னு நீ யோசிச்சியா? விளக்க ஒரு தடவ சுவத்துல அடிச்சுப் பாத்திருந்தா போதும்."

"நோலா, நான் டிம் பண்ணினேன்."

"பண்ணின. பண்ணின. அத எத்தன தடவதான் சொல்லுவ!"

ஹேமிஷ் மெதுவாகச் சொன்னான். "புதுச மாட்டிர்றேன்ப்பா. ரெண்டு மணி நேர வேல. இதோட முடிஞ்சிரும்."

அவன் கெட்டவன் இல்லை. அந்தக் குரலில் தந்திரமும் இல்லை. ஆனால் 'முடிஞ்சிரும்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டபோது, என் வீட்டில் யாரோ வேற்று ஆள் பேசுவதுபோல இருந்தது. பிறகு, அந்தப் பேச்சை அவன் யாரிடம் கற்றான் என்று நினைத்தபோது கோபம் திரும்பி என் நெஞ்சிலேயே குத்தியது.

"பழசையே திருப்பி மாட்டு," என்றேன். "புதுப் பசை வச்சு ஒட்டு. திருகாணிய நாலு சுத்து ஏத்து. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்கணும்."

"எதுக்குப்பா?"

"மாட்டுடா."

மாட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பசையை விளிம்புப் பள்ளத்தில் அமுக்கி, கண்ணாடியைப் பொருத்தி, மறுபடி அடுப்பில் வைத்து எடுத்து, கவ்விகள் போட்டு இறுக்கினான். ஆட்டுத்தொடை அன்றைக்கு வேகவே இல்லை. வலது விளக்கு மறுபடி வண்டியில் ஏறி, இரண்டின் திருகாணியையும் ஏற்றி முடித்தபோது ஐந்து மணி. "நானும் வரேன்" என்றான். வேண்டாம் என்றேன். விளக்குப் போடத் தேவையில்லாத வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டியிருந்தது.

லினெட் பாஸ்கோ தானியக் கிடங்குக்குப் பின்னால், தங்கை வீட்டை ஒட்டிய சிறிய வீட்டில் இருந்தாள். அவள் வீட்டுக்கு முன்னால் நேரான மண்பாதை ஒன்று முக்கால் மைல் போகிறது. நான் வண்டியை நிறுத்தியபோது அவள் கோழிகளை அடைத்துக்கொண்டிருந்தாள். கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றேன்.

"மிஸஸ் பாஸ்கோ, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"லினெட்டுன்னே கூப்பிடுங்க மிஸ்டர் கில்கிறிஸ்ட். வேலையவிட்டுத் தூக்குன கடுதாசியில லினெட்டுன்னுதான எழுதியிருந்தீங்க."

சொன்னேன். தகரத்தை, கோட்டை, அமெரிக்காவை, சுவரை, எல்லாவற்றையும். மகன் மூன்று வருடம் அறிந்திருந்ததை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதையும் சொன்னேன். அவள் கோழிக்கூண்டின் கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"கமிட்டியக் கூட்டுறேன்," என்றேன். "அதே மண்டபம். அதே ஆளுங்க. நான் எழுந்து நின்னு சொல்றேன். மன்னிப்பு…"

"மன்னிப்ப நீங்களே வச்சிக்குங்க." குரல் உயரவில்லை. "நாலு வருஷம் மிஸ்டர் கில்கிறிஸ்ட். நான் பாத்தது வெளிச்சமா, தூக்கத்துல கண்ட கனவான்னு எனக்கே தெரியாமப் போச்சு. ராத்திரி படுத்தா, தூங்கித்தான்டி போயிருப்பன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். என் தங்கச்சியும் அப்படித்தான் நெனைக்கிறா. வாய்விட்டுச் சொல்லமாட்டா, பாவம்."

நான் தொப்பியைப் பார்த்தேன்.

"அந்த வெளக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அன்னைக்கு இருந்த மாதிரியே. மாத்தல. அப்படியே கொண்டுவந்திருக்கேன்."

அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். எனக்குப் புரியவில்லை.

"சாவி," என்றாள்.

"உங்க கால்…"

"கியர் போடற வண்டியா அது? இல்லல்ல? வலதுகால் நல்லாத்தான் இருக்கு." தடியால் வாசலில் நின்ற தங்கையின் சிறிய காரைக் காட்டினாள். "அதுல போய் உக்காருங்க. ரோட்டப் பாத்துதான் நிக்குது. நான் அந்தக் கோடிக்குப் போயி திரும்பி வரேன். டிம்லதான் வருவேன். பயப்படாதீங்க, டிம் பண்றதுன்னா எனக்கும் தெரியும்."

சாவியைக் கொடுத்தேன். அவள் டிரக்கில் ஏறுவதற்கு நேரமானது. முதலில் தடியை உள்ளே எறிந்தாள். கதவைப் பிடித்து, இடதுகாலை இரண்டு கைகளாலும் தூக்கி வைத்தாள். உதவப் போனவனை ஒரு பார்வையில் நிறுத்தினாள். இருக்கையை முன்னுக்கு இழுக்கும் சத்தம் கேட்டது. நான்கு ஆண்டுகளில் அவள் எந்த வண்டியும் ஓட்டியதில்லை என்று ஊருக்கே தெரியும். வண்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு விளக்குப் போடாமல், மங்கிய பாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு சிறுத்துப்போயிற்று.

நான் அந்தச் சிறிய காரில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். மேற்கே கிடங்குக்குப் பின்னால் சிவப்பு முழுதும் அடங்கும்வரை அவள் வரவில்லை. வேண்டுமென்றேதான் காத்திருந்தாள். இருட்டு வேலிவரை வந்தது. முதுகை நேராக வைத்துக்கொண்டேன். என்ன ஆனாலும் கண்ணை மூடுவதில்லை, முகத்தைத் திருப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

பாதையின் கோடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் எரிந்தன. கொஞ்சநேரம் அசையாமல் நின்றன. பிறகு வரத் தொடங்கின. முதலில் வேலிக்கம்பங்கள் கண்ணிலிருந்து மறைந்தன. அடுத்து பாதையோரப் புல். அடுத்து பாதை. கடைசியில் முன்கண்ணாடியும் இல்லை, காரின் முகப்பும் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் இரண்டு கைகள் மட்டும், யாருடையவையோபோல, வெள்ளை வெளேரென்று அந்தரத்தில் இருந்தன. வண்டியின் சத்தம் இன்னும் தூரத்தில்தான் கேட்டுக்கொண்டிருந்தது.