இருமடங்கு மக்னீசியா

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் பிறந்தது. எழுதியவன் நான். தவறே செய்யாத அக்காவின் பெயரில், அவளைக் கேட்காமலே, தவறை ஒப்புக்கொண்டு எழுதினேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘ஆயிரத்து அறுநூறு டிகிரியில் உலை செக்கச்செவேலென்று...’ வேண்டாம். உலையை வர்ணித்துக்கொண்டிருந்தால் ஆலை மேனேஜர் தப்பித்துவிடுவார்.

தொடக்கம் இரண்டு: அக்கா பீங்கான் ஆலையில் பொடி நிறுப்பவள். அலுமினாப் பொடியில் துளி மக்னீசியா சேர்த்துச் சுட்டால்தான் விளக்குக் குழாய் வெளிச்சத்தை வெளியே விடும். துளிதான். அத்தனை சூட்டிலும் அலுமினா அதற்கு மேல் கரைத்துக்கொள்ளாது. மிச்சம் துகள்களின் இடுக்கில் தனியாகத் தங்கிக் குழாயை மங்கலாக்கிவிடும்.

[இங்கே ‘அக்காவின் கோபமும் கரையாமல் தங்கியது’ என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் கோபத்தை உவமையாக்க நான் யார்?]

3

மேனேஜர் ஒரு துண்டுச் சீட்டில் மக்னீசியாவை இருமடங்காக எழுதிக் கொடுத்தார்.

“சார், இவ்வளவு கரையாது.”

“கொஞ்சம் போட்டாலே நல்லா வருதுன்னா, நிறைய போட்டா இன்னும் நல்லா வரும்ல? சொன்னதைச் செய்ம்மா.”

செய்தாள். நானூறு குழாயும் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி மங்கி வந்தன. மறுநாள் அந்தச் சீட்டைக் காணவில்லை.

“நீதான் தப்பா நிறுத்துட்ட. வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடு. இல்லன்னா வேலைக்கு வராத.”

(இந்த மேனேஜருக்கும் ஒரு நல்ல பக்கம் இருக்குமே என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இருக்கும். வேறு யாராவது எழுதட்டும்.)

4

அவள் வேலை போய்விடுமே என்ற பயத்தில் எழுதித் தள்ளினேன். ‘என் கவனக்குறைவால், கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறந்து, மக்னீசியாவை அதிகமாகப் போட்டுவிட்டேன்...’ நடை அருமையாக வந்தது. வெட்கமில்லாமல் இரண்டு முறை படித்து ரசித்தேன்.

அக்கா ஒரு முறைதான் படித்தாள்.

“நல்லா எழுதியிருக்க. படிச்சா நானே தப்பு பண்ணின மாதிரி இருக்கு.” காகிதத்தை மடித்தாள். “ஆனா கிண்ணத்தோட எடையைக் கழிக்க மறந்தா, கிண்ணமும் பொடிக் கணக்குல சேர்ந்து பொடி குறையும்டா, அதிகமாகாது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. மேனேஜரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

5

முடிவுகள்.

அவள் கையெழுத்துப் போடுகிறாள். வேலை தங்குகிறது.

போடவில்லை. குழாயை உடைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டுகிறாள். கரையாத புள்ளிகள் தெரிகின்றன. யார் போடச் சொன்னது என்பது எந்த மைக்ராஸ்கோப்பிலும் தெரியாது. வேலை போகிறது.

காணாமல்போன சீட்டு கிடைக்க... [ச்சீ. அடித்துவிட்டேன்.]

6

இன்று வெள்ளிக்கிழமை காலை. கடிதம் மேஜைமேல் கிடக்கிறது, கையெழுத்துக்கான இடம் காலி. முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அக்கா வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் அவளைக் கேளுங்கள்.