இந்துமதி சிரித்த இடம்

ஊட்டியில் இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஜெகதீசன் முதல் தடவை போனபோது அவனோடு ஆள் யாரும் வரவில்லை. ஒரு மூட்டைதான் வந்தது.

மூட்டை பதினாறு கிலோ. உள்ளே ரேஷன் அரிசி. அவன் மகள் இந்துமதியின் எடையும் அதேதான். பதினாலு கிலோவைக் கோணிப்பையில் போட்டுத் தைத்து, மீதி இரண்டு கிலோவை ஒரு சின்னப் பையில் கட்டி, மேலே தொளதொளவென்று இணைத்துக் கொடுத்திருந்தாள் அவன் மனைவி ஜீவிதா. அந்தச் சின்னப் பைதான் தலை. ஆறு வயதாகியும் இந்துமதிக்குக் கழுத்து நிலையாக நிற்காது. பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சு பத்தாமல் போனதால் கைகால்கள் அவள் சொல் கேட்பதில்லை. பேச்சும் வரவில்லை. கண்ணை மேலே தூக்கினால் ஆமா, இறுக மூடினால் வேண்டாம். இந்த இரண்டை வைத்துக்கொண்டே வீட்டில் இருந்த இரண்டு பேரையும் ஆட்டிவைத்தாள்.

எல்லாம் ஒரு வீடியோவில் தொடங்கியது. ஜீவிதாவின் தம்பி அருண்பிரசாத் கோயம்புத்தூரில் படிக்கிறான். சிநேகிதர்களோடு எங்கோ ராட்டினத்தில் சுற்றியபோது கீழே நின்ற ஒருவன் எடுத்ததை அனுப்பியிருந்தான். இரண்டு நிமிடம் ஓடும். அதைப் பார்த்து இந்துமதி சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை, இருமலில் போய் முடிகிற சிரிப்பு. மறுபடி போட்டார்கள். மறுபடியும் சிரித்தாள். ஒரு மாதமாகத் தினமும் அதைத்தான் கேட்டாள்.

“அப்படின்னா நேர்லயே காட்டிருவோங்க” என்றாள் ஜீவிதா.

சேரம்பாடி எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், அவர்கள் லயத்தில், பக்கத்து வீட்டு ஆயம்மாள் மட்டும் கேட்டாள்: “நடக்க முடியாத புள்ளைய அங்க கொண்டு போயி என்னத்தம்மா காட்டப் போறீங்க?”

ஜெகதீசன் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். எந்த மெஷினையும் லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டான். அதனால்தான் லீவு போட்டு, மூட்டையோடு மூணரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருந்தான்.

குதிரை ராட்டினத்தில் நின்ற பையனின் சட்டையில் பிராங்ளின் என்று பெயர் அட்டை இருந்தது. மூட்டையைப் பார்த்து அவன் முகம் போன போக்கே சரியில்லை.

“ஏனுங்கண்ணா, இதுல சரக்கெல்லாம் ஏத்தக் கூடாதுங்க.”

“சரக்கில்ல தம்பி. எம் பொண்ணு.”

பிராங்ளின் ஓரடி பின்னால் போனான். ஜெகதீசன் விஷயத்தை விளக்கினான். கேட்கக் கேட்கப் பையன் மூட்டையின் தலையைத் தொட்டுப் பார்த்தான், அசைத்தான், பெல்ட்டை இழுத்தான். அன்றைக்குக் கூட்டமும் அதிகமில்லை. பிராங்ளினே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். அதற்குப் பிறகு மதியம் வரை, மீசை வைத்த ஒரு மனிதர் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தைகளின் ராட்டினம் ஒவ்வொன்றிலும் சுற்றுவதை வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். டிராகன் வண்டியின் இரண்டாவது வளைவில் தலை ஒரேயடியாக வெளியே சாய்ந்தது. “இது வேண்டாங்க” என்று பிராங்ளினே ஜெகதீசனின் நோட்டில் அதை அடித்துவிட்டான். குட்டி ரயிலில் இடது மூலை நல்ல இடம். குதிரை ராட்டினத்தில் குதிரை ஆகாது. நடுவில் இருக்கும் தேர் மாதிரியான பெஞ்சில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால் போதும். கழிப்பறைக் கதவின் அகலத்தைக்கூட ஜெகதீசன் டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து மூன்று பேரும் வந்தார்கள்.

இந்துமதிக்குக் காதை மூடும் குல்லாய், இரண்டு ஸ்வெட்டர். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஜெகதீசன் நேரே குதிரை ராட்டினத்துக்குப் போனான். தலையணை தயாராக இருந்தது. பிராங்ளின் வணக்கம் வைத்தான். “இதுதானுங்களா பாப்பா? வா கண்ணு!”

பெஞ்ச் சுற்றியது. ஒரு குலுக்கலும் இல்லை. ஜெகதீசன் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது சுற்றில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“பயமா பாப்பா?” என்றான்.

பயம் இருந்தால் உடம்பு விறைக்கும். அது விறைக்கவில்லை. வெறும் வேண்டாம்தான்.

குட்டி ரயிலுக்குப் போனார்கள். இடது மூலை. அதிலும் கண்ணை மூடினாள். பஞ்சு மிட்டாயைக் காட்டினார்கள். மூடினாள். ஆயம்மாள் கேட்டதில் என்ன தப்பு என்று ஜெகதீசனுக்கு ஒரு கணம் தோன்றியது.

ஜீவிதா கீழே புல்லில் உட்கார்ந்தாள். “ஏங்க, அந்த வீடியோவ எடுங்க.”

“வந்த எடத்துல வீடியோ எதுக்குடி?”

“எடுங்களேன். நாம இத்தன நாளா போனையே பாத்துட்டு இருந்தோம். இன்னிக்கி இவ மொகத்தப் பாப்போம்.”

போனை இந்துமதியின் முன்னால் பிடித்தார்கள். இரண்டு பேரும் அவள் கண்ணையே பார்த்தார்கள். ராட்டினம் கிளம்பும் சத்தம் வந்தது. அவளிடம் அசைவில்லை. பையன்கள் கத்தும் சத்தம் வந்தது. அப்போதும் இல்லை. ராட்டினம் நின்றது. அப்போதுதான் கண் விரிந்தது. உதடு கோணியது. தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு கிளம்பியது.

அவளுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராட்டினத்தைப் பார்த்த சிரிப்புதான் கடைசியில் வந்து சேருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்கள்.

ஜெகதீசன் போனைத் தன் பக்கம் திருப்பினான். ராட்டினத்திலிருந்து இறங்கிய பையன்கள் தலை சுற்றி, கால் பின்னி, ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடித்துத் தள்ளாடினார்கள். அருண்பிரசாத் நேராக நடக்கப் பார்த்து, பக்கவாட்டில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தான். படத்தில் அது எட்டு விநாடிகூட இருக்காது.

“அடிக் கள்ளி!” என்றாள் ஜீவிதா. “இதுக்குத்தானா?”

இந்துமதியின் கண் மேலே போனது.

ஆள் உட்காரும் பெரிய கப்புகள் சுழலும், பெரியவர்களுக்கான ராட்டினம் ஒன்று பூங்காவின் கோடியில் இருந்தது. ஜெகதீசனின் நோட்டில் அது இல்லை. மூட்டையை அங்கே கொண்டுபோகவே இல்லை. இப்போது நாற்காலியை அங்கே தள்ளிப் போய், ஏறும் வாசலில் விடாமல், இறங்கும் வாசலுக்கு எதிரே நிறுத்தி பிரேக் போட்டான்.

ராட்டினம் நின்றது. முதலில் ஒரு கல்லூரிப் பெண் வந்து கம்பியைக் கட்டிப்பிடித்தாள். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட பெரிய உருவம் ஒன்று, குடும்பத்துக்கே தான்தான் பொறுப்பு என்ற நடையில் படியிறங்கி, மூன்றாவது அடியில் குப்பைத் தொட்டியிடம் போய்ச் சேர்ந்தது. இந்துமதி சிரித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஜெகதீசன் கையெடுத்துக் கும்பிட்டான். “மன்னிச்சுக்கங்க சார், கொழந்தை.”

அவர் நாற்காலியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பிறகு அவளுக்காகவே வேண்டுமென்று இன்னும் நாலடி தள்ளாடினார். இந்துமதியின் முகம் சட்டென்று அமைதியானது. போலித் தள்ளாட்டம் அவளிடம் செல்லாது.

அடுத்து ஜெகதீசன் போனான். வந்து விழுந்தான். அவளுக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்துவிட்டு ஜீவிதா, “இன்னும் யாரு போகணும்?” என்று கேட்டாள். இந்துமதியின் பார்வை அம்மாவின் மேல் நின்றது. பிறகு மேலே போனது.

“நானா? நான் பஸ்ஸுலயே வாந்தி எடுக்குறவ!”

கண் மறுபடியும் மேலே.

ஜீவிதா போனாள். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டு எந்தச் சரிவிலும் கால் தவறாமல் இறங்குகிறவள், சமதளத்தில் இரண்டடி எடுத்து வைக்க முடியாமல் புடவையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நடந்து வந்தாள். ஜெகதீசனும் சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டே அவள் புல்லில் படுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் பிராங்ளின் தேடிக்கொண்டு வந்தான். விஷயத்தைக் கேட்டு இடுப்பில் கைவைத்து நின்றான். “அப்ப அன்னிக்கி அத்தன ராட்டினத்துல சுத்துனது வீணுங்களா?”

“வீணில்ல” என்ற ஜெகதீசன் மகளின் முன்னால் குந்தினான். “பாப்பா, நீ போறியா இதுல?”

அவள் ராட்டினத்தைப் பார்த்தாள். இறங்கும் வாசலைப் பார்த்தாள். அப்புறம் கண் மேலே போனது.

“கப்புக்கு நடுவுல வீல் இருக்குதுங்களே, அத நீங்க தொடாம இருந்தீங்கன்னா மெதுவாத்தான் போகும்” என்றான் பிராங்ளின். அவனே அந்த ராட்டினத்துக்காரனிடம் பேசிவிட்டு வந்தான். ஜெகதீசன் அவளை மடியில் வைத்து, தாடையின் கீழ் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டான்.

கப் மெதுவாகச் சுழன்றது. சீகை மரங்கள், டிக்கெட் கூண்டு, ஜீவிதா, மறுபடி சீகை மரங்கள். இந்துமதி சிரிக்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை.

இறங்கியதும் ஜெகதீசன் அவளைத் தன் ஷூவின் மேல் நிற்கவைத்து, அக்குளில் கை கொடுத்துப் பிடித்தான். அவனுக்கு இன்னும் தலை சுற்றியது. இரண்டு பேரும் சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்தார்கள், வலப்பக்கம் சாய்ந்தார்கள்.

“எப்பிடி இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?” என்று ஜீவிதா குனிந்து கேட்டாள்.

கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை. கீழே, அப்பாவின் ஷூவையும் அதன்மேல் இருந்த தன் கால்களையும் பார்த்தபடியே நின்றாள்.

“இது என்னங்க பதிலு?” என்றாள் ஜீவிதா.

“தெரியல” என்றான் ஜெகதீசன். “இரு, அவசரப்படுத்தாத. பாத்துக்கிட்டிருக்கா.”