கோர்வைக்கு ஒரு ஆள்

‘உங்களுக்கென்ன’ என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் சுகாசினி டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்து என்ன வரப்போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். உங்களுக்கென்ன, நாலு மணிக்கெல்லாம் வீடு. உங்களுக்கென்ன, மே மாசம் முழுக்க லீவு. உங்களுக்கென்ன, மழை பெய்தாலும் லீவு, வெயில் அடித்தாலும் லீவு. காய்கறிக் கடையில் சொல்வார்கள், ஷேர் ஆட்டோவில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்வார். ஊர்தான் அப்படி என்றால் கட்டிய புருஷனும் சொன்னான்.

ஜோசுவாவுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. "எங்க பிளான்ட்ல நான் ஒரு நிமிஷம் லேட்டா போனா லைனே நின்னுடும். உங்க ஸ்கூல்ல இன்னா நிக்கும், சொல்லு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பான். அவன் நல்லவன்தான். காலையில் சோறு வடிப்பான், துணி காயப்போடுவான். ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் விடமாட்டான். சுகாசினி டிபன் டப்பாவின் மூடியை வேண்டிய அளவுக்கு மேல் அழுத்தி மூடிவிட்டுக் கிளம்புவாள்.

அவளுடைய பள்ளிக்கூடம் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவில் இருந்தது. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்பு, இரண்டு ஆசிரியர்களுக்கு இடம். பெரிய டீச்சர் ஓய்வு பெற்று மாலை போட்டுக்கொண்டு போனதோடு சரி, அந்த நாற்காலிக்கு ஆளே வரவில்லை. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில், ஒரே சுகாசினியோடு உட்கார்ந்திருந்தன.

காலை உணவு வந்ததும் ருசி பார்க்க வேண்டும், போட்டோ எடுத்துச் செல்போனில் ஏற்ற வேண்டும். வருகைப் பதிவையும் அதே போனில் ஏற்ற வேண்டும், அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஒன்றாம் வகுப்பில் ஒருவன் இன்னொருவன் காதைக் கடித்திருப்பான். கடிபட்டவனைச் சமாதானம் செய்வதற்குள் நாலாம் வகுப்பு முழுக்க எழுந்து நிற்கும். பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள், கண் பரிசோதனை நாள், முட்டை அழுகிப்போன நாள் என்று தனித்தனியாக வேறு உண்டு. நாலு மணிக்கு வீடு வந்தபின் ராத்திரி வரை அந்தப் போனுக்குப் பதில் சொல்வதை யாரும் வேலை என்று கணக்கில் எடுத்ததில்லை.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடுவாள். ஜோதிகாவைத்தான் அவளால் விட முடியவில்லை. மூன்றாம் வகுப்பு, ஆட்டோக்காரரின் பெண். எழுத்து எல்லாம் தெரியும், கூட்டிப் படிக்க மட்டும் வராது. அதற்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் குறுக்கே எழுந்து ஓடாமல். தினமும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜையோரம் வந்து நிற்பாள். தினமும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். "நாளைக்குப் படிக்கலாம்டி செல்லம்" என்பாள் சுகாசினி. அந்தப் பெண் முகத்தைக்கூடச் சுளிக்காமல் திரும்பிப் போய் உட்காரும். அழுதாலாவது பரவாயில்லை என்று இருக்கும். இந்த வருஷமும் இப்படியே போனால் அது படிக்கத் தெரியாமலேயே நாலாம் வகுப்புக்குப் போகும், அப்புறம் ஐந்து, அதற்குப் பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்?

இரண்டாவது ஆசிரியர் வேண்டும் என்று சுகாசினி எழுதிக் கேட்டாள். அலுவலகத்தில் பார்க்கலாம் என்றார்கள். பெற்றோர் குழுவே தீர்மானம் போட்டுக் கொண்டுவந்தால் சீக்கிரம் நடக்கும் என்று அங்கிருந்த குமாஸ்தா ஒருவர் காதோடு சொன்னார்.

குழுவுக்குத் தலைவி காவேரி. அவள் பையன் நாலாம் வகுப்பு. ஆனால் காவேரி தலைவி என்பது காகிதத்தில்தான். கூட்டத்தில் பேசுவது, ஆகும் ஆகாது என்று முடிவு சொல்வது எல்லாம் அவள் புருஷன் வீரபாகு. காவேரி அவர் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

சுகாசினி ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனாள். வீரபாகு குழிக்குள் கால் விட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். மயில் கழுத்து நிறத்தில் உடல், அரக்குக் கரை, கல்யாணக் கோர்வைச் சேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்க்க வேண்டும் என்பதால், ஒரு பக்கத்துக் கரைக்குத் தனியாக, நூல் கண்டு வைத்த நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். காவேரி அவர் பக்கத்தில் உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமா நெய்யறீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டாள் சுகாசினி.

"நெய்யறது நான்தாம்மா. அவ சும்மா பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கா," என்றார் வீரபாகு.

காவேரி தலை நிமிரவில்லை. கை மட்டும் நாடாவைத் தள்ளியது.

சுகாசினி வந்த விஷயத்தைச் சொன்னாள். வீரபாகு சிரித்துவிட்டார். "உங்களுக்கென்ன டீச்சர், நாலு மணிக்கெல்லாம் வீடு. நாங்க இந்தக் குழியில எறங்குனா எப்ப ஏறுவோம்னு எங்களுக்கே தெரியாது. ஒரு டீச்சருக்கே அங்க வேல இல்ல, இன்னொருத்தர் எதுக்கு? ரெண்டு பேரும் சேந்து பேசிக்கினு இருக்கவா?"

அவ்வளவுதான். சுகாசினிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். "நீங்களே ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்க. காலையில இருந்து பெல் அடிக்கிற வரைக்கும். அப்புறம் சொல்லுங்க, வேல இருக்குதா இல்லயான்னு."

"வரேனே. தறிய விட்டுட்டு வர முடியாது. அமாவாசைக்கு வரேன். அன்னிக்குதானே மீட்டிங்கும் வெச்சிருக்கீங்க."

அமாவாசையன்று அந்தத் தெருவில் யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். அதனால்தான் பெற்றோர் கூட்டமும் எப்போதும் அன்றைக்கே நடக்கும்.

அமாவாசை வந்தது. தறிச் சத்தம் இல்லாத தெரு என்னவோ காது அடைத்த மாதிரி இருந்தது. வீரபாகு குளித்து, விபூதி பூசி, மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இன்றைக்கு இந்த மனுஷன் பார்க்கட்டும் என்று சுகாசினிக்கு உள்ளூர ஒரு குரூர சந்தோஷம். பிள்ளைகளே, தயவுசெய்து இன்றைக்குச் சேட்டையில் ஒரு குறையும் வைக்காதீர்கள் என்று வேண்டிக்கொண்டாள்.

பாவிகள், வாயே திறக்கவில்லை.

பாதிப் பேருக்கு வீரபாகு பெரியப்பா, மீதிப் பேருக்கு மாமா. அவர் தொண்டையைச் செருமினாலே கூடம் அடங்கியது. அது மட்டுமா? நாள் முழுக்கக் கை ஓடிய மனுஷனுக்குச் சும்மா இருக்க வரவில்லை. சற்று நேரத்தில் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டார். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஈ மொய்ப்பது போல அவரைச் சுற்றிக்கொண்டன. ஒருத்திக்குப் பின்னல் அவிழ்ந்திருந்தது, இழுத்துக் கட்டினார். ஒருவன் சட்டையில் பட்டன் அறுந்திருந்தது, நூலால் முடிச்சுப் போட்டுவிட்டார். காது கடிக்கிறவனைத் தொடையில் உட்காரவைத்துக்கொண்டார். மூக்கு ஒழுகியவனை வெளியே கூட்டிப்போய்க் கழுவிக் கொண்டுவந்தார். கரும்பலகையில் இருந்த எழுத்துகளை எல்லாரையும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

சுகாசினி மூன்றையும் நாலையும் ஐந்தையும் கணக்கில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவளைக் கூப்பிட யாரும் இல்லை. நம்ப முடியாமல் இன்னொரு தடவை சுற்றிலும் பார்த்தாள். பிறகு ஜோதிகாவைக் கூப்பிட்டாள்.

மூலையில், ஜன்னலுக்குக் கீழே, இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். விரல் வைத்து ஆரம்பித்தார்கள். ‘ம’ என்றது, ‘ழை’ என்றது, நின்றது. மறுபடியும் ஆரம்பித்தது. சுகாசினி அவசரப்படுத்தவில்லை, அவளுக்கு அன்றைக்கு நேரம் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே வீச்சில் படித்தது: "மழை வந்தது. மாடு நனைந்தது."

படித்துவிட்டு அதுவே சிரித்தது. "டீச்சர், மாடு நனைஞ்சிடுச்சி!" என்றது, என்னவோ வாசலில் நிஜமாகவே ஒரு மாடு நனைகிற மாதிரி. சுகாசினிக்கு, இத்தனை நாளும் இந்தப் பெண்ணை நாளைக்கு நாளைக்கு என்று விரட்டினோமே என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

பெல் அடித்ததும் வீரபாகு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. நான் நெனச்சத விட ஈஸியா இருக்குது. புள்ளைங்க தங்கமா இருக்குதுங்க. நீங்க பாட்டுக்கு அந்த மூலையில உக்காந்துக்கினு ஒரே ஒரு பொண்ணுக்குக் கதை படிச்சிக்கினு இருந்தீங்க."

சுகாசினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "அண்ணா, நீங்க இருந்ததாலதான் என்னால அங்க உக்கார முடிஞ்சிது," என்றாள்.

"நான் இன்னாம்மா செஞ்சேன்?" என்று கையை விரித்தார். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது சுகாசினிக்கு.

கூட்டத்துக்குப் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். ஜோதிகா வீட்டுக்குப் போகாமல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றது.

"டீச்சர், நாளைக்கும் மாடு பக்கம் படிக்கலாமா?"

சுகாசினியால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. "வீட்டுக்குப் போம்மா, நேரமாச்சு," என்றாள். அது தலையை ஆட்டிவிட்டு வழக்கம்போல முகம் சுளிக்காமல் போனது.

கூட்டத்தில் வீரபாகுதான் முதலில் எழுந்தார். "காலையில இருந்து நானே கூட இருந்து பாத்துட்டேன்பா. ஒரு ஆளு தாராளமா போதும். ரெண்டாவது ஆளு வந்தா சும்மாதான் உக்காந்திருக்கணும். நானே இன்னிக்கு சும்மாதான் உக்காந்திருந்தேன்."

"சும்மாவா?" சுகாசினி எழுந்தேவிட்டாள். "பின்னல் போட்டது யாரு? மூக்கு கழுவுனது யாரு? சண்ட வராம புடிச்சி வெச்சது யாரு? நாளைக்கு நான் தனியா நிப்பேன், வந்து பாருங்க!" பெற்றோர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் இப்படிக் கத்தி அவர்கள் கேட்டதில்லை.

"டீச்சர் கோவிச்சிக்கிறாங்க," என்றார் வீரபாகு, பெரிய மனது பண்ணி. "காவேரி, தீர்மானம் வாணாம்னு எழுதிக் கையெழுத்து போடு."

காவேரி பேனாவை எடுக்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு நீ சும்மாவா உக்காந்திருந்த?"

"ஆமா. எல்லாரும் பாத்தாங்களே."

"நான் தறியில உக்கார மாதிரியா?"

பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அந்தத் தெருவில் கோர்வைக்கு நாடா தள்ளாத கை அந்தப் பெண்களில் யாருக்கும் இல்லை.

"டீச்சர், ஆளு வேணும்னு எழுதுனீங்களே, அந்தப் பேப்பரக் குடுங்க," என்றாள் காவேரி. நிதானமாகப் படித்தாள். யாரும் இடம் காட்டாமலேயே கையெழுத்துப் போட்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஆபீசுக்கு நானே போறேன். புது டீச்சர் வர வரைக்கும் தெனமும் போவேன். ஒரு ஆளு போதும்னு சொன்ன இல்ல? கோர்வைய ஒரு ஆளாவே நெய்யி."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது வீரபாகுவுக்கே அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. மயில் கழுத்துச் சேலை பாதியில் நின்றது. முகூர்த்தம் நெருங்கியது. வேறு ஆள் தேடினார், எல்லார் வீட்டிலும் அவரவர் தறி ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே காவேரியை பைக்கில் பின்னால் உட்காரவைத்து அலுவலகத்துக்கு ஓட்டிப்போக ஆரம்பித்தார். அங்கே காவேரி அமைதியாகக் கேட்டாள், அவர் கத்தினார். "அஞ்சு கிளாசுக்கு ஒத்த டீச்சரு! மனுஷங்க செய்யற வேலயாங்க இது?" என்று அவர் மேஜையைத் தட்டியதைக் குமாஸ்தா போனில் சொன்னபோது, சுகாசினி போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் ஜோதிகா மேஜையோரம் வந்து நிற்பதை நிறுத்தவில்லை. சுகாசினியாலும் நாளைக்கு என்பதை நிறுத்த முடியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் இளவரசன் வந்தான். புதிதாக வேலை கிடைத்த பையன், தேய்த்த சட்டை, முகத்தில் பவுடர். உத்தரவைக் கொடுத்துவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தான்.

"மேடம், ஆபீஸ்ல சொன்னாங்க, இது சின்ன ஸ்கூல்தான், வேலை ரொம்ப இருக்காதுன்னு."

போன மாதமாக இருந்திருந்தால் சுகாசினி அவனை அங்கேயே உரித்திருப்பாள். இப்போது அதற்கு அவளுக்கு நேரமில்லை. ஒன்றையும் இரண்டையும் அவன் பக்கம் திருப்பிவிட்டாள்.

"நீங்க சும்மா அங்க உக்காருங்க சார். அது போதும்."

அவன் உட்கார்ந்தான். காது கடிக்கிறவன் அவன் தோளில் ஏறினான். சுகாசினி திரும்பிப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குக் கீழே போனாள். அங்கே ஜோதிகா ஏற்கெனவே உட்கார்ந்து, மாடு நனைந்த பக்கத்தைத் திறந்து வைத்து, முதல் எழுத்தில் விரலையும் வைத்திருந்தது.

"டீச்சர், நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவீங்களே," என்றது. "அது இன்னிக்குதானா?"

"ஆமாண்டி கண்ணு," என்று சுகாசினி தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்குதான். படி."