அனுப்பிரியா, காலை 11.12

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன். குளித்தேன். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி இல்லாமல் போட்டுக்கொண்டேன். முக்குக் கடையில் ஒரு டீ. மாட்டுச் சந்தை நாள் என்பதால் வேலந்தாவளம் ரோட்டில் டெம்போக்கள் வரிசையாக நின்றன. வண்டியை உருட்டிக்கொண்டே தாண்டினேன். எட்டு பத்துக்கு ஆபீஸ் ஷட்டரைத் தூக்கினேன். இரவு கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. அலமாரிக்குப் பின்னால் இருக்கும் சர்வரின் பொத்தானை அழுத்திவிட்டு நான்கு நிமிடம் நின்றேன். பிறகு முன்மேசைக் கம்ப்யூட்டரில் நோட்டைத் திறந்து அண்மை மாற்றங்களைப் பார்த்தேன்.

அனுப்பிரியா, நேற்று மாலை 5.40. அனுப்பிரியா, நேற்று மாலை 4.15. அனுப்பிரியா, நேற்று மதியம் 2.03.

அனுப்பிரியா என் மனைவி. அவள் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

எங்களுடையது பால் உற்பத்தியாளர் கம்பெனி. பதின்மூன்று பேர் வேலை செய்கிறோம். நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். அனு தோட்டம் தோட்டமாகப் போய் மாடுகளைப் பார்த்து வந்தாள். எந்த மாடு எப்போது சினை பிடித்தது, எதற்கு எந்த மருந்து ஆகாது, எந்த வீட்டில் நாயைக் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதெல்லாம் அவள் டைரிகளில் இருந்தது. எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை சர்வராக்கி, இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தேன். அதைத்தான் நோட்டு என்கிறோம். பக்கங்களுக்கு அவள் தோட்டப் பெயர்களையே தலைப்பாக வைத்தாள். சர்க்கார் பாரத்தில் இருக்கிற பெயரை வைத்து இங்கே யாரையும் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பட்டியலில் செங்கோட்டையன்கள் மட்டும் நான்கு பேர்.

நோட்டை யாரும் தங்கள் போனில் படிக்கலாம். எழுதுவது முன்மேசைக் கம்ப்யூட்டரில்தான். அதில் அனு தன் பெயரில் உள்ளே போயிருந்தாள். ஒருமுறை உள்ளே போனால் தானாக வெளியேறாதபடி அமைத்தவன் நான். அவள் போன பிறகும் அது திறந்தே இருந்தது. எல்லோரும் அதிலேயே வந்து உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியது எல்லாம் அவள் பெயரில் ஏறியது. முதல் வாரமே பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை.

போன மாதம் நாச்சிக்காட்டுத் தோட்டத்துச் செங்கோட்டையனின் செவலை மாட்டுக்கு மடிநோய். ஏழு மாதச் சினை. எங்கள் மாட்டு டாக்டர் நிமி வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் போனில் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். அன்றும் பார்த்தார். அந்தப் பக்கத்தில் ஆகாத மருந்து என்று ஒன்றும் இல்லை. பென்சிலின் போட்டார். பத்து நிமிடத்தில் மாடு முகம் வீங்கிக் கீழே விழுந்தது. மாட்டைக் காப்பாற்றிவிட்டார்கள். கன்று போய்விட்டது.

பென்சிலின் ஆகாது என்று அனு அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே எழுதி வைத்திருந்தாள். யாரோ பக்கத்தை ஒழுங்குபடுத்தும்போது அந்த வரி போயிருக்கிறது. யார் என்று பார்க்க, போன வாரம் செயலாளர் சிவப்பிரகாஷ் எல்லோரையும் கூட்டி, பழைய பதிப்புகளைப் புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் காட்டச் சொன்னார். காட்டினேன். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை. அனுப்பிரியா, காலை 11.12.

செங்கோட்டையன் கதவோரம் நின்றிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, அந்தப் புள்ள போயி வருசம் தாண்டிருச்சு. எம்பட மாட்டு நோட்ட வந்து அழிச்சுப்போட்டுப் போச்சுங்களா?"

அவர் குத்திப் பேசுகிறவர் அல்ல. நிஜமாகவே கேட்டார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அன்று சாயங்காலமே சிவப்பிரகாஷ் என்னைக் கூப்பிட்டார். மழைக்காலத்தில் சர்வர் மூன்று நாள் படுத்துக் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னார். சர்வரை நம்மிடமே வைத்துக்கொள்வதா, மாதச் சந்தா கட்டி வெளிக் கம்பெனி ஒன்றின் க்ளவுடுக்குப் போவதா என்று வருகிற திங்கட்கிழமை போர்டு மீட்டிங்கில் முடிவாக வேண்டும்.

"ஒரு பக்கம் எழுதிக் குடு கோகுலு. அங்க யாருக்கும் இது புரியாது. நீ என்ன சொல்றியோ அதான்."

அந்த நேரம் பால் கேன்களை இறக்கிவிட்டு வந்த டிரைவர் கந்தப்பன் இடையில் புகுந்தார். அவருடைய சாளை, அதாவது தோட்டத்து வீடு, கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது; போன் சிக்னல் மாறி மாறி வரும். "எம்பட போனு வாசல்ல கேரளா, சாளைல தமிழ்நாடுங்க. உங்க க்ளவுடு எந்தப் பக்கம் நிக்கும்?" சிவப்பிரகாஷ் சிரித்தார். நானும் சிரித்ததாக நினைவு.

க்ளவுட் கம்பெனியில் ரிஜின் என்றொருவன் போனில் பேசினான். நல்லவன். சிக்னல் இல்லாத இடத்திலும் பக்கங்கள் போனில் இருக்கும் என்றான். ஆளுக்கொரு லாக்-இன், அதனால் யார் எதை மாற்றினாலும் தெரியும் என்றான். பழைய பதிப்புகள் வருமா என்று கேட்டேன். வராது, கடைசியாக உள்ள எழுத்து மட்டும்தான் வரும் என்றான். எழுதியவர் பெயர்? அதுவும் வராது. ஏற்றுகிற ஆள் பெயரில் எல்லாம் ஏறும். அதாவது என் பெயரில். வேலையில் இல்லாதவர்களுக்கு லாக்-இன் எடுக்க வேண்டாம், வீண் செலவு என்று அவனாகவே சொன்னான்.

அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். சர்வர் நம்மிடம் இருப்பதே நல்லது என்று எழுதினேன். நம் தகவல் நம் கையில் இருக்கும். நெட் போனாலும் ஆபீஸுக்குள் வேலை நடக்கும். சந்தா இல்லை. புதிய பேட்டரி போட்டால் கரண்ட் பிரச்சினை தீரும். எல்லாமே உண்மை. படித்தால் எனக்கே நம்பும்படி இருந்தது. சர்வரை மாற்றாமலே ஆளுக்கொரு லாக்-இன் கொடுக்கலாம், அது அரை மணி நேர வேலை என்பதை மட்டும் எழுதவில்லை.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு ஜீவிதா வந்தாள். முன்மேசையில் அதிகம் உட்காருகிறவள் அவள்தான். கையில் பிரிக்காத சாப்பாட்டு டப்பா. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டப்பாவின் மூடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்த வரிய அழிச்சது நானாத்தான் இருக்கும்ங்ணா. நெசமா நெனப்பு இல்ல. ஒரு நாளைக்கு முப்பது பக்கம் தொறக்கறேன்."

நீயாக இல்லாமலும் இருக்கலாம் என்றேன்.

"அதாங்ணா. தெரிஞ்சுட்டாப் பரவால்ல. இப்ப நாந்தான்னு சொல்லவும் முடியல, இல்லீன்னு சொல்லவும் முடியல. ஒரு மாசமா அந்தத் தோட்டத்து வழியாவே போறதில்ல."

மேசைமேல் இருந்த என் பக்கத்தை அவள் படித்திருப்பாள் என்று நினைக்கிறேன். எழுந்தாள். நின்றாள்.

"அனுக்கா பேர்ல எழுதறது எங்களுக்கும் சங்கட்டமாத்தாங்ணா இருந்துச்சு. நீங்க தெனமும் காத்தால வந்து அதெப் பாக்கறீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். வேணும்னேதான் வுட்டிருக்கீங்க, நாம ஒண்ணும் கேட்டுக்க வேண்டாம்னு சிவண்ணந்தான் சொல்லிப்போட்டாரு."

பன்னிரண்டு பேர். பதினான்கு மாதம். கந்தப்பன்கூட டீசல் போட்ட கணக்கை அவள் பெயரில் வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். யாரும் ஒருநாள்கூட என்னிடம் கேட்கவில்லை. நான் மட்டும் பார்ப்பதாக நினைத்திருந்தேன்.

ஜீவிதா சாப்பிடப் போனாள். எழுதி வைத்திருந்த பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். புதிதாக எதையும் எழுதவில்லை. முன்மேசையில் போய் உட்கார்ந்தேன். திரையின் மேல் மூலையில் அவள் பெயர். அதன்மேல் மௌஸைக் கொண்டுபோனால் ஒரு சின்னப் பட்டியல் இறங்கும். அதில் கடைசியாக இருப்பது 'வெளியேறு'. வெளியே சந்தை முடிந்து மாடு ஏற்றிய டெம்போ ஒன்று பின்னால் எடுக்க முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பட்டியல் இறங்கியபடி நின்றது. கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

அனுவின் அம்மா இப்போதும் வாரம் ஒருமுறை போனில் கேட்பார், கடைசியாக என்ன சொன்னாள் என்று. உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். டெங்கு. வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று படுத்தாள். திங்கட்கிழமை காய்ச்சல் விட்டுவிட்டது என்று எழுந்து ஆபீஸுக்கு வந்தாள். மதியம் முன்மேசையிலேயே மயங்கினாள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். நவக்கரை தாண்டும்போது ஆம்புலன்ஸில் கண்ணைத் திறந்தாள். நான் டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உதடு காய்ந்திருந்தது. குனிந்து கேட்டேன்.

"சிஸ்டத்துல எம்பேர்ல தொறந்தது தொறந்தபடியே வந்துட்டனுங்க. நாளைக்குப் போனதும் மொதல்ல அதெ மூடிப்போடுங்க. இல்லாட்டி எல்லாரும் எம்பேர்லயே எழுதிப்போடுவாங்க."