முழுமையற்ற எரிதல்

ஜிபார் செத்துப்போனது ஜனவரி பத்தொன்பதாம் தேதி. ஒன்பதாம் வகுப்பு. நான் அவளுடைய வேதியியல் ஆசிரியை.

எங்கள் ஊரில் குளிர்காலத்தை நிலக்கரியை வைத்துத்தான் தள்ளுகிறோம். என் அப்பா சுரங்கத்தில் கரி அள்ளிப் போட்டவர். நானும் பதினாறு வயதில் மூட்டை சுமந்திருக்கிறேன். அடுப்பில் கரி சிவந்து புகை அடங்கியதும், புகைபோக்கியில் இருக்கும் இரும்புத் தகட்டைத் தள்ளி மூடிவிடுவோம். சூடு வெளியே போகாது. ஒரு வாளி கரி விடியும்வரை தாங்கும். புகை வாடை இல்லையென்றால் ஆபத்தில்லை என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. வருஷத்துக்கு இரண்டு மூன்று வீடுகளில் ஆட்கள் தலை சுற்றி விழுவார்கள். கரி தீண்டிவிட்டது என்று வெளியே இழுத்துப் போட்டு மோர் புகட்டுவோம். சிலர் எழுந்துகொள்வார்கள்.

டிசம்பரில் இதையேதான் பாடமாக நடத்தினேன். எரிபொருளுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காதபோது நடப்பது முழுமையற்ற எரிதல். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அது நிறமற்றது, மணமற்றது, நச்சுத்தன்மை உடையது. ஜிபார் கரும்பலகை முன்னால் நின்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். சமன்பாட்டையும் சரியாகச் சமன் செய்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன். வகுப்பறை அடுப்பு என் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேர்வில் அடுப்பைப் பற்றிக் கேள்வி வராது.

அவள் அம்மா புருல்சா பிழைப்புக்கு நாடு விட்டுப் போய் மாஸ்கோவில் தெருக் கூட்டுகிறாள். அப்பா போன இடம் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா தன் வீட்டில் வந்து படுக்கச் சொல்லியிருக்கிறார். அடுப்பு எரியாவிட்டால் உருளைக்கிழங்கு மூட்டைகள் உறைந்துபோகும் என்று அவள் போகவில்லை. காலையில் பால் கொண்டுபோன சித்தி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறாள். சித்தப்பா கதவை உடைத்தபோது மோர் புகட்டும் கட்டமெல்லாம் தாண்டியிருந்தது.

அம்மா வரும்வரை அடக்கத்தை நிறுத்திவைத்தார்கள். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு உடலைக் கிடத்தியிருந்தார்கள். சடலம் இருக்கும் கூடாரத்தில் நெருப்பு மூட்டக்கூடாது. வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். உள்ளே பெண்கள் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். முறைப்படி நானும் அழுதுகொண்டே உள்ளே போனேன். ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு இதுகூடவா தெரியாது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது.

என்னைப் பார்த்ததும் புருல்சா ஒப்பாரியை நிறுத்தினாள். கையைப் பிடித்து வெளியே, விறகுக் குவியல் பக்கம் கூட்டிப்போனாள். கோட்டுக்குள்ளே துப்புரவு வேலைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. அதைக் கழற்றாமலே விமானம் ஏறியிருக்கிறாள்.

“டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. கரி தீண்டுறதப் பத்திப் பள்ளிக்கூடத்துல பாடம் இருக்காமே. கொழுந்தன் சொன்னாரு. எம் பொண்ணு அதப் படிச்சிருந்தாளா?”

அவளே மேலே சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் போனில் பேசியிருக்கிறார்கள். மிச்சமிருக்கிற கரி மார்ச் வரைக்கும் வராது என்று ஜிபார் சொல்லியிருக்கிறாள்.

“செவந்ததும் தகட்ட மூடிருன்னு நாந்தான் சொன்னேன். ‘இப்பவேவாம்மா’ன்னு கேட்டா. ‘சொன்னதச் செய்டீ’ன்னேன். அவ தெரிஞ்சு கேட்டாளா, சும்மா கேட்டாளா? தெரிஞ்சு கேட்டிருந்தா, நாந்தான் அவளக் கொன்னவ. தெரியாதுன்னா... எப்படியாவது இருந்துக்குவேன்.”

ஜிபாருக்குப் பாடத்தின் வாக்கியம் தெரியும். அது தன் வீட்டு அடுப்பைப் பற்றியது என்று தெரியுமா, எனக்குத் தெரியாது. கரும்பலகை முன்னால் அவள் நின்ற நிலை மட்டும் கண்ணில் வந்தது.

“இல்ல புருல்சா. அந்தப் பாடம் இன்னும் நடத்தல” என்றேன்.

“நடத்தலையா?” நம்பாமல் பார்த்தாள். “அடுப்பு மூட்ட ஆரம்பிச்சு மூணு மாசமாச்சு. எப்ப நடத்தறதா இருந்தீங்க, வெயில் காலத்துலயா?”

“தப்பு என் மேலதான்.”

என் காலடியில் துப்பினாள். “எம் பொண்ணத் தூக்கும்போது நீங்க இங்க நிக்கக்கூடாது. போயிருங்க.”

வாசலைத் தாண்டும்போது பெர்மெத் ஓடிவந்தாள். ஜிபாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வந்தவர்களுக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிற கெண்டி கையிலேயே இருந்தது. நாங்கள் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. பாடம்தான் நடந்ததே என்று மெதுவாக ஆரம்பித்தாள். நடக்கவில்லை என்றேன். உன் நோட்டை யார் கேட்டாலும் கொடுக்காதே என்றேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அடுத்த வாரம் பெற்றோர்கள் கையெழுத்துப் போட்ட புகார் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தலைமையாசிரியர் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். டிசம்பர் பன்னிரண்டு, பாடத்தின் பெயர், ஜிபாருக்கு நேராக ஐந்து. இதை அந்த அம்மாவிடம் காட்டினால் விவகாரம் தீர்ந்தது என்றார். காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கண்டனக் கடிதம் கொடுக்க வேண்டிவரும், வரும் வருஷம் உன் வகுப்புகளில் பாதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். சரி என்றேன்.

“உனக்கென்ன கிறுக்கா? நடத்துன பாடத்த நடத்தலங்கற.”

“நடத்தினேன் சார். அடுப்பப் பத்தித்தான் ஒண்ணும் சொல்லல.”

அவர் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்குத் தெரு முழுக்க அழைத்தார்கள். எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் புருல்சாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். முகம் பாதியாகியிருந்தது. என்னைக் கண்டதும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். வண்டி வந்ததும், கொழுந்தன் நீட்டிய கையை விலக்கிவிட்டுத் தன் பெட்டியைத் தானே தூக்கி ஏற்றினாள். சன்னலோரம் உட்கார்ந்து, பையிலிருந்து ரொட்டியை எடுத்துப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள்.