பன்னிரண்டு கை அம்மா

‘ஜனவரி 17, சனி. மாலை வகுப்பு, பதினான்கு பேர். தவறு: ஜிம்லியின் படத்தில் கை வைத்தேன். குடிசைக் கூரை கோணலாக இருந்தது, நேராக்கினேன். அப்படியே ஆறு, படகு, சூரியன் எல்லாவற்றையும் நானே போட்டுவிட்டேன்.’

அதற்குப் பிறகு ஏழு வயது ஜிம்லி கிரேயான் பெட்டியைத் தன் பக்கம் தள்ளி, “இனிமே நீயே போடு மிஸ், நான் பாத்துக்கறேன்” என்று சொன்னதையும் எழுதலாமா என்று ஓவிய டீச்சர் மஹுவா வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் டைரியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள். அழிக்க வசதி.

தெற்குக் கல்கத்தாவின் அந்த கிளப் மாடியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப்படுவது ஒரே படம்தான். இரண்டு குடிசை, ஒரு வாழை, ஒரு ஆறு. தலைப்பு மழைக்காலம் என்றால் மேலே சாய்கோடுகள். அறிவியல் வளர்ச்சி என்றால் குடிசைக்குப் பின்னால் ராக்கெட். மஹுவாவே சின்ன வயதில் இந்தக் குடிசையை வைத்துப் பதினோரு டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவள்.

மறுநாள் காலை கிளப் மைதானத்தில் ‘போஷே ஆங்கோ’, அதாவது உட்கார்ந்து வரையும் போட்டி. கயிற்றுக்கு உள்ளே பிள்ளைகள், வெளியே அம்மாக்கள். வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அதனால் கையாலேயே பேசினார்கள். உச்சியில் வட்டம் போட்டால் சூரியன், இரு உள்ளங்கையையும் கூம்பாகச் சேர்த்தால் கூரை.

தலைப்பு, ‘எனக்குப் பிடித்த இடம்’. மூன்றாவது மாடி ஃபிளாட்டில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருக்கும் பிடித்த இடம் குடிசையாகவே இருந்தது. ஜிம்லி மட்டும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு, கையை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிடம் போய்விட்டது.

அவள் அம்மா ஸ்வாகதா, தாள் கொடுத்துக்கொண்டிருந்த மஹுவாவைக் கயிற்றருகே பிடித்தாள். செவ்வாய் நீச்சல், புதன் பாட்டு, வெள்ளி அபாகஸ் என்று மகளின் வாரத்தை இடைவெளியில்லாமல் நிரப்பி வைத்திருப்பவள்.

“போய் ஒரே ஒரு கோடு இழுத்துட்டு வா. மீதிய அவ பாத்துப்பா.”

“பெரியவங்க தொடக்கூடாதுன்னு விதி இருக்கே, ஸ்வாகதா தீதி.”

“பெரிய விதி! அங்க பாரு, அந்தப் பையனோட மிஸ் படகே போட்டுட்டா!”

மஹுவா போய்க் குந்தினாள். ஜிம்லி உடனே பழுப்பு கிரேயானை நீட்டினாள். “கூரை, மிஸ்.”

விரல்கள் தாமாகவே கூரைக்குச் சாய்ந்தன. மஹுவாவுக்கு வெட்கமாக இருந்தது.

“ஜிம்லி, எனக்கு இந்தக் குடிசையத் தவிர ஒண்ணும் போட வராது.”

“நிஜமா? இவ்ளோ பெரியவ ஆகியுமா?”

“ஆகியும்.”

“அதுக்குள்ள போயிருக்கியா?”

“இல்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதான் கதவ எப்பவும் மூடியே போடுவேன்.”

ஜிம்லி மூக்கு ஒழுகச் சிரித்தாள். கிரேயானைப் பிடுங்கிக்கொண்டாள். “குடு இங்க. நீ வேஸ்ட் மிஸ்.”

மணி அடித்தபோது தாளில் ஒரு கயிறு. அதன் பின்னால் குரங்குக் குல்லாய் போட்ட அம்மாக்கள் வரிசையாக, துர்க்கை மாதிரி ஆளுக்குப் பத்துக் கை. ஒரு கையில் சூரியன், ஒன்றில் கூரை, ஒன்றில் பிளாஸ்க், ஒன்றில் உரித்த ஆரஞ்சு. கயிற்றுக்கு முன்னால் ஒரு சின்னப் புள்ளி.

“பிடிச்ச இடம் எங்கடி?” என்றாள் ஸ்வாகதா.

“இந்தப் புள்ளிதான் நான். கயிறு தாண்டி நீங்க யாரும் வர முடியாதுல்ல?”

ஸ்வாகதா குனிந்து அம்மாக்களின் வரிசையைப் பார்த்தாள். “சரி, இதுல நான் எது?”

“நடுவுல. உனக்கு மட்டும் பன்னெண்டு கை.”

முதல் பரிசு ராக்கெட் குடிசைக்குப் போனது. ஸ்வாகதா அதைக் கவனிக்கவேயில்லை. படத்தை வாங்கி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பதினொண்ணுதான் இருக்கு. மஹுவா, ஒரு கை போட்டுடேன்.”

மஹுவாவின் கை பெட்டிக்கு நீண்டுவிட்டது. ஜிம்லி பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“தொடாத மிஸ். நானே போட்டுக்கறேன்.”

‘ஜனவரி 18, ஞாயிறு. பரிசு இல்லை. தவறு: கடைசியில் மறுபடியும் கை நீட்டினேன். நாளை: ஐந்தரைக்கு வகுப்பு. என் பென்சிலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.’